நகரப் பதிப்பில் மட்டும்

பாலக்கரை, திருச்சி
23 ஜூன் 2024

அன்புள்ள அனீஸ் அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. எனக்கு ஒரு குறையும் இல்லை. ஷார்ஜா வெயிலில் உனக்கு மூக்கில் ரத்தம் வராமல் இருக்கிறதா? பெருநாளன்று போனிலேயே கேட்க நினைத்தேன். அம்மா வழக்கம்போல போனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னலில் வைத்துவிட்டார். நீ என்னிடம் கேட்ட கேள்விக்குப் பக்கத்து வீட்டு அல்ஷிஃபா அக்கா பதில் சொன்னதை நீயே கேட்டிருப்பாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். உன் கூட்டாளி ஜைத் அண்ணன், தன் டிராவல்ஸ் கடையில் கொடுத்தால் ஷார்ஜா போகிறவர் யார் பெட்டியிலாவது போட்டனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். பதினைந்தாம் தேதி முதல் உன் தங்கை ஒரு நிருபர். சரி, பயிற்சி நிருபர். மன்னார்புரம் ஆபீஸில் எனக்கு ஒரு நாற்காலி உண்டு. அதன் ஒரு கால் குட்டை.

பரீட்சை வைத்துத்தான் எடுத்தார்கள். ஒரு தெருவில் குடிநீர்க் குழாய் உடைந்த தகவலை ஒரு பக்கத்துக்குக் கொடுத்து, எண்பது சொல்லில் செய்தியாக்கச் சொன்னார்கள். நான் ‘அதிகாலைக் கதிரவன் பொன்னிறக் கரங்களை நீட்டிய வேளையில்’ என்று ஆரம்பித்தேன். செய்தி ஆசிரியர் சவரிநாதன் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “சூரியன் தினமும்தான் உதிக்குது. குழாய் எத்தனை மணிக்கு உடைஞ்சுது?” என்றார். திரும்ப எழுதினேன். மூன்றாம் முறை அவர் ஒன்றும் சொல்லவில்லை. வேலை கிடைத்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளமாம்.

ஆறு மாதம், அண்ணே. டிசம்பர் பதினைந்துக்குள் நிரந்தரம் ஆகவில்லையென்றால் கே.கே. நகர் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சரி சொல்லிவிட வேண்டும் என்பதுதானே நீ அம்மாவிடம் பேசி முடித்தது. “வீட்டை நான் பாத்துக்கறேன்மா, அவளை ஆறு மாசம் விடுங்க” என்று நீ சொன்ன அந்த ஒரு வார்த்தையில்தான் நான் நின்றுகொண்டிருக்கிறேன். பிடித்துக்கொள், விட்டுவிடாதே.

எனக்காக துஆ செய்யும் அண்ணனுக்கு என் ஸலாம்.
அஃபீஃபா

*

ஷார்ஜா
12 ஜூலை 2024

அன்புத் தங்கை அஃபீஃபாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். அல்லாஹ் புண்ணியத்தில் மூக்கும் நலம், நானும் நலம். அம்மாவுக்கு இத்துடன் முட்டிக்கு ஒரு தைலம் வருகிறது. அடுப்பங்கரையில் வைத்து மறந்துவிடாமல் தேய்க்கச் சொல்.

உன் கடிதத்தைக் கோடவுனில் நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்தேன். ஆயிரத்து இருநூறு நாற்காலிகள் இங்கே இருக்கின்றன, எல்லாம் புதிது, எல்லாவற்றுக்கும் நான்கு காலும் சமம். உன் ஆபீஸுக்கு ஒன்று அனுப்பலாமா என்று ஸ்டோர் கீப்பர் என்ற முறையில் யோசித்தேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் உங்கள் இ-பேப்பரைத் திறந்து உள்ளூர்ப் பக்கத்தைப் பார்க்கிறேன். பெயர் போடாமல் வந்தாலும் உன்னுடையது எது என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது. நேற்று ‘தெப்பக்குளம் அருகே மாடு மோதி வாகன ஓட்டி காயம்’ செய்தியில் மாட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று ஒரு வரி இருந்தது. அது நீதானே?

ஆனால் போனில் படிப்பது படிப்பதே இல்லை. அத்தா கடையில் இடமில்லாததால் பேப்பரை நீளவாக்கில் நாலாக மடித்து, விசிறி மாதிரி ஒரு கையில் பிடித்து, நின்றபடி வாசிக்கச் சொல்லிக்கொடுத்தாரே, ஞாபகம் இருக்கிறதா? அத்தா மௌத்தான பிறகும் எனக்குப் பேப்பரை அப்படித்தான் மடிக்க வரும். எப்போதாவது உன் பெயர் போட்ட செய்தியை அப்படி மடித்து வைத்து வாசிக்க வேண்டும். அதுவரை நீ நில். பிடி என்னிடம் இருக்கிறது.

இந்தக் கடிதம் கொண்டுவரும் ஆளுக்கு ஒரு டீ கொடுத்தனுப்பு.

உன் நலனையே கேட்டு நிற்கும்,
அனீஸ்

*

பாலக்கரை, திருச்சி
4 ஆகஸ்ட் 2024

அண்ணனுக்கு அஃபீஃபாவின் ஸலாம்.

நாங்கள் சுகம். தைலத்தை அம்மா முட்டிக்கும் தேய்த்து, அல்ஷிஃபா அக்காவின் தோளுக்கும் தேய்த்து, பாதி தீர்த்துவிட்டார். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கொண்டுவந்த ஆளுக்கு டீ கொடுத்தோம். ஆனால் அம்மா அவரைச் சும்மா விடவில்லை. “எம்புள்ள இளைச்சுட்டானா? நெஜமா சொல்லுங்க, இளைச்சுட்டானா?” என்று மூன்று தடவை கேட்டார். அவருக்கு நீ யாரென்றே தெரியாதாம். பாவம், “கொஞ்சம் வெயிட் போட்டிருக்காப்ல” என்று சொல்லிவிட்டு ஓடிப் போனார்.

மாடு நான்தான்.

நேற்று ஆடிப்பெருக்கு. ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபம் படித்துறைக்கு என்னை அனுப்பினார்கள். பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்தபோது கீழே தண்ணீர் போன வேகத்தைப் பார்த்தால், நாங்கள் நிற்பது போலவும் ஸ்ரீரங்கம் மட்டும் கட்டவிழ்ந்து கிழக்கே மிதந்து போவது போலவும் இருந்தது. ராஜகோபுரம் கப்பலின் பாய்மரம் போலத் தெரிந்தது. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தால் வேறு யாருடைய கனவிலோ இறங்கிவிடுவோம் என்று ஒரு நிமிஷம் நம்பினேன். இதை அப்படியே எழுதினேன். சவரிநாதன் சார் சிவப்பு மையில், ‘எத்தனை கன அடி?’ என்று மட்டும் கேட்டிருந்தார்.

நிறையக் கற்றுக்கொண்டுவிட்டேன், கேள். மழையில் பேனா எழுதாது, பென்சில் எழுதும். ஆளின் பெயரைக் கேட்டால் போதாது, இனிஷியலையும் கேட்க வேண்டும். ஒருவர் சொன்னால் அது பேச்சு, இரண்டு பேர் சொன்னால்தான் செய்தி. யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறில் ஒன்று குறைந்தாலும் சார் தாளைத் திருப்பித் தந்துவிடுவார். அதிலும் செய்தியின் தலைமாட்டில் போடுகிற ஊர்ப் பெயரில் அவர் ரொம்பக் கறார். “ஊர் பொய்யின்னா அதுக்குக் கீழ இருக்கறது எல்லாமே பொய்ம்மா” என்கிறார். இதைக் கேட்டபோது எனக்கு ஏனோ நம் கடிதங்கள் ஞாபகம் வந்தன. பாலக்கரை, ஷார்ஜா. நாம் சரியாகத்தான் போட்டிருக்கிறோம், இல்லையா?

உடம்பைப் பார்த்துக்கொள்.
அஃபீஃபா

*

ஷார்ஜா
25 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். நான் நலம். அம்மாவும் நீயும் நலமென நம்புகிறேன்.

கொஞ்சம் வேலை, அதனால் இரண்டு வரிதான். கோடவுனில் நாற்காலிகள் குறைந்துவிட்டன. நேற்று தும்மினேன், எனக்கே திரும்பிக் கேட்டது. பெரிய இடம் காலியாக இருக்கும்போது ஒரு அழகு இருக்கிறது, அஃபீஃபா. நீ பார்த்தால் எழுதுவாய்.

கன அடி எவ்வளவு என்று கண்டுபிடித்தாயா? டிசம்பர் வரை வேறு எதையும் யோசிக்காதே.

அனீஸ்

*

பாலக்கரை, திருச்சி
15 செப்டம்பர் 2024

அண்ணே,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. அம்மா மட்டும், கடிதம் கொண்டுவந்த ஆளிடம் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் வரவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்.

உன் கடைசிக் கடிதத்தைச் சவரிநாதன் சாரிடம் கொடுத்திருந்தால் திருப்பித் தந்திருப்பார். நாற்காலிகள் எங்கே போயின? ஏன்? எப்போது? ஆறில் மூன்று இல்லை. வெள்ளிக்கிழமை போனில் கேட்கலாமென்றால் ஸ்பீக்கர். “என்னண்ணே, வேலை எப்படி?” என்றேன். “அல்ஹம்துலில்லாஹ்” என்றாய். அம்மாவும் அல்ஷிஃபா அக்காவும் சேர்ந்து “அல்ஹம்துலில்லாஹ்” என்றார்கள். அத்தோடு பேட்டி முடிந்தது.

எனக்கு இப்போது ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியைக் கொடுத்திருக்கிறார்கள். கோயில், பள்ளிவாசல், சர்ச், பட்டிமன்றம், கண் சிகிச்சை முகாம், எல்லாம் ஒரே பொடி எழுத்தில். யாரும் அதை எழுத ஆசைப்படுவதில்லை. எனக்கோ பிடித்திருக்கிறது. ஊர் முழுக்க நாளைக்கு என்ன செய்யப் போகிறது என்று முந்தின நாள் மாலையே தெரிந்த ஒரே ஆள் நான். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்த்து, உங்களுக்கு நாளை ஆறு மணிக்கு ஒரு திருக்குறள் வகுப்பு இருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

கே.கே. நகர்க்காரர்கள் இரண்டு முறை வந்து போய்விட்டார்கள். பையன் நல்லவன்தான். “கல்யாணத்துக்கப்புறம் வீட்ல இருந்தே எழுதலாமே” என்றார் அவன் அம்மா. வீட்டிலிருந்து எதைப் பற்றி எழுத, அண்ணே, குக்கர் விசிலைப் பற்றியா? எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த வேலை இல்லாமல் நான் எப்படி இருந்தேன் என்பதே மறந்துவிட்டது.

பதில் போடு. இந்தத் தடவை ஆறும் வேண்டும்.
அஃபீஃபா

*

ஷார்ஜா
9 அக்டோபர் 2024

அன்புத் தங்கை அஃபீஃபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தாமதத்துக்கு மன்னித்துவிடு. உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவிடம் நான் இளைக்கவில்லை என்று சொல்.

யார்: அனீஸ். என்ன: வேலை. எப்படி: முன்னைவிட லேசான வேலை, உட்கார்ந்து பார்ப்பது, வருகிறவர்களின் பெயரை நோட்டில் எழுதிக்கொள்வது. நீ சொன்ன மாதிரி இனிஷியலோடுதான் எழுதுகிறேன். மீதியை நேரில் சொல்கிறேன்.

மாலையில் கொஞ்சம் நடக்கிறேன். இங்கே நேற்று தூறல். மண்வாசனை கிளம்பியதும் நம் தெருவே ஞாபகம் வந்துவிட்டது. எதிர்பார்த்துக் காத்திருப்பவர்களைத் தூரத்திலிருந்து நினைத்துக்கொள்வதும் ஒரு சுகம்தான். பக்கத்தில் போனால்தான் பயம்.

கே.கே. நகரை மறந்துவிடு. அம்மாவிடம் நான் கொடுத்த வார்த்தை டிசம்பர் பதினைந்து வரை நிற்கும். அதற்கு நான் ஜவாப்தாரி. நீ எழுது.

அனீஸ்

*

பாலக்கரை, திருச்சி
20 அக்டோபர் 2024

அண்ணனுக்கு ஸலாம்.

அம்மா நலம். நான் நலமில்லை. காய்ச்சல் கீய்ச்சல் எதுவும் இல்லை, பயந்துவிடாதே.

ஒரு தப்பு செய்துவிட்டேன். என்ன தப்பு என்று எழுதக்கூடக் கை வரவில்லை. ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்னச் செய்தி. ஒருவர் வீட்டுக்குப் போனேன், அவர் மனைவி சொன்ன ஒரு வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்டேன். அவ்வளவுதான் சொல்வேன். மற்றவர்கள் எழுதியிருந்தால் நானே விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அந்த வீட்டை நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

சவரிநாதன் சார் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. “நேர்ல போய் அந்தம்மாவைப் பாரு. டிசம்பர்ல உன் ஃபைல் மேல போகும்போது இதுவும் கூடப் போகும்” என்றார். ரோசரி அக்கா, எங்கள் புரூஃப் பார்ப்பவர், டீ வாங்கிக் கொடுத்து, “என் முதல் வருஷத்துல நான் ஒரு மந்திரிக்கு ரெண்டு தடவை பிறந்தநாள் கொண்டாடிட்டேன்டி” என்றார். அழுதுகொண்டே சிரித்தேன்.

ஆபீஸ் மாடியிலிருந்து பார்த்தால் மாலையில் மலைக்கோட்டை புகை போலத் தெரியும். அதற்கும் அப்பால் ஸ்ரீரங்கத் தீவு. அந்தப் பக்கம் போகவே கால் வரவில்லை. நாலு நாளாகிவிட்டது, இன்னும் போகவில்லை. போகிற தைரியம் வர துஆ செய்.

அஃபீஃபா

*

ஷார்ஜா
24 அக்டோபர் 2024

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். கண்ணைத் துடை. அம்மா பார்த்தால் டிசம்பர் அக்டோபரிலேயே வந்துவிடும்.

ஒரே ஒரு சந்தேகம்: திருநாட்டுக்கு எந்த பஸ் ஸ்டாண்டிலிருந்து வண்டி? சத்திரமா, சென்ட்ரலா? ‘அவர் திரும்பி வந்ததும் முதல் ஆளாக அந்தப் பெஞ்சில் அமர்வார் எனத் தெரிகிறது’ என்று ஒரு நிருபர் எழுதினால் வாசகனுக்கு வழி தெரிய வேண்டாமா?

சிரித்தாயா? சரி. இப்போது கேள். அந்த வரியைப் படித்தபோது நான் சிரிக்கவில்லை. தெரியாமல் எழுதினாய். ஆனால் ஒருவர் திரும்பி வருவார், அவருக்கு ஓர் இடம் போட்டு வைத்திருக்கிறது என்று நம்பி எழுதியிருக்கிறாய். அது தப்பாகவே இருக்கட்டும். எனக்கு அது தேவையாக இருந்தது.

போய் அந்த அம்மாவைப் பார். பயப்படாதே, அவர் கோபக்காரர் மாதிரி இல்லை.

அனீஸ்

*

பாலக்கரை, திருச்சி
17 நவம்பர் 2024

அண்ணே,

அஸ்ஸலாமு அலைக்கும். அம்மா நலம், நானும் நலம். நீ நலமா என்று இந்தத் தடவை சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை. நலமா?

மூன்று வாரம் பதில் போடாததற்குக் காரணம் இருக்கிறது. உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. என் தொழிலைக் கொஞ்சம் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

ஸ்ரீரங்கத்தில் பஸ் நிறுத்தத்துக்கு ஒரு பெஞ்ச் வேண்டும் என்று நான்கு வருஷமாகப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிவந்தவர் சடகோபன் என்ற பெரியவர். பெஞ்ச் வந்துவிட்டது. அவரிடம் இரண்டு வார்த்தை கேட்கலாமென்று போனேன். அவர் மனைவி குமுதவல்லி மாமி, “அவர் திருநாட்டுக்கு எழுந்தருளி பத்து நாளாறதும்மா” என்றார். குரலில் அழுகை இல்லை. நான் அது ஏதோ ஊர் என்று நினைத்தேன். நாம் மௌத்து என்கிறோம், ரோசரி அக்கா வீட்டில் கர்த்தருக்குள் நித்திரை என்கிறார்கள், அவர்கள் வீட்டில் அது திருநாடு. பாலக்கரையில் வளர்ந்தவளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? ‘சடகோபன் தற்போது திருநாடு சென்றுள்ளார்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அன்று சார் லீவு. யாரும் பார்க்காமல் அச்சாகிவிட்டது.

இப்போது முக்கியமான இடம். உள்ளூர்ப் பக்கம் நகரப் பதிப்பில் மட்டும்தான் உண்டு. காலையில் இ-பேப்பர் ஏற்றுவதற்கு முன்பே சார் பார்த்துவிட்டு அந்த இரண்டு வரியையும் எடுத்துவிட்டார். திருநாடு என்ற வார்த்தை இன்டர்நெட்டில் எங்கும் இல்லை, அண்ணே. அது இருந்தது அச்சான தாளில், திருச்சிக்குள் விற்ற தாளில். நான் உனக்கு அந்த வார்த்தையை எழுதவில்லை. போனிலும் சொல்லவில்லை.

முதலில் ஜைத் அண்ணன்தான் போட்டோ எடுத்து அனுப்பியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். அப்புறம் கணக்குப் போட்டேன். முன்பெல்லாம் உன் பதிலுக்கு மூன்று வாரம் ஆகும், அக்டோபரில் நாலே நாளில் வருகிறது. கடிதம் கொண்டுவருகிற ஆளே இப்போது வீட்டுக்கு வருவதில்லை, ஜைத் அண்ணன் கடையில் கூப்பிட்டுக் கொடுக்கிறார். அம்மா டீ போட ஆளில்லாமல் தவிக்கிறார். அக்டோபரில் ஷார்ஜாவில் தூறல் போட்டதா என்று கூகுளில் பார்த்தேன். போடவில்லை.

இதெல்லாம் ஒரு சாட்சிதான். இரண்டாவது வேண்டுமே. குமுதவல்லி மாமி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும், “நீதானே எங்காத்துக்காரருக்கு ரிட்டர்ன் டிக்கெட் போட்டவ?” என்றார். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். “அடி அசடே, உள்ள வா. துக்கம் கேக்க வந்தவா எல்லாரும் போனவரைப் பத்தியே பேசினா. நீ ஒருத்திதான் திரும்பி வருவார்னு எழுதினே” என்று சொல்லி, அந்தச் செய்தியைக் கத்தரித்துப் பெருமாள் படத்துக்குக் கீழே ஒட்டி வைத்திருப்பதைக் காட்டினார். பிறகு என்னை அந்தப் பெஞ்சுக்கு அழைத்துப் போனார். தினமும் மாலை ஐந்து மணிக்கு அவர் அங்கே வந்து உட்காருகிறாராம்.

“ஒனக்குத் தெரியுமோ, எனக்கு இங்க ஒரு தொணை உண்டு. அம்மா மண்டபம் ரோட்டு லாட்ஜ்ல கணக்கெழுதற பிள்ளை. பாலக்கரைப் பக்கமாம். ஒன் நியூஸ் வந்த அன்னிலேருந்து இந்தப் பெஞ்சைத் தேடிண்டு வரான். உக்காருன்னா உக்கார மாட்டான். பேப்பரை நாலா மடிச்சு, விசிறியாட்டமா ஒரு கையில பிடிச்சுண்டு, நின்னுண்டேதான் படிப்பான்” என்றார்.

பஸ் ஒன்று வந்து நின்றது, போனது. நான் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காவிரியைத் தாண்டிவிட்டால் பாலக்கரைக்காரனுக்கு வெளிநாடு என்று நீதானே கிண்டல் செய்வாய். ஷார்ஜா எனக்குக் கனவில் எப்படி எப்படியோ வரும், அண்ணே. மணலும் கடலும் ஆயிரத்து இருநூறு நாற்காலிகளும். கடைசியில் அது ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் அரை மணி நேரம்.

அன்றைக்கே நின்று உன்னைப் பார்த்திருக்கலாம். கோபம். ஓடி வந்துவிட்டேன். ஜைத் அண்ணனைக் கடையில் போய்ப் பிடித்தேன். செப்டம்பரிலேயே கம்பெனியை மூடிவிட்டார்களாமே. “தங்கச்சிக்கு டிசம்பர் முடியட்டும், அதுவரைக்கும் நான் அங்கதான் இருக்கேன்” என்று அவரிடம் சத்தியம் வாங்கினாயாமே. உன் சம்பளம் நின்றது தெரிந்தால் அம்மா அன்றைக்கே கே.கே. நகருக்குப் போன் போடுவார், என் நாற்காலி போய்விடும், அதனால் நீ நாலு கிலோமீட்டர் தள்ளி ஒளிந்துகொண்டு ஷார்ஜா என்று தலைப்புப் போட்டாய். யாரைக் கேட்டுச் செய்தாய்? என் ஆறு மாதத்துக்கு உன்னைக் கொடுத்துவிட்டா நான் நிருபராவேன்?

நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆம், நானே. என் வேலை போனால் போகட்டும் என்று முடிவு செய்துதான் சொன்னேன். அம்மா ஒரு சத்தமும் போடவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தார். கையை நிறுத்தி, “ஆத்துக்கு அந்தாண்டையா இருக்கான்?” என்றார். ஆமாம் என்றேன். “சாப்புட்டானா?” என்றார். அப்புறம் இன்னும் ஒரு ஆழாக்கு அரிசி அள்ளிப் போட்டார். உலை கொதித்ததும், “பேப்பர்காரி வேலைக்கும் அவன் வேலைக்கும் என்னடி சம்பந்தம்? நீ சம்பாதிக்கிறது சம்பாத்தியம் இல்லையா? ஆனா டிசம்பர் டிசம்பர்தான், அதுல மாத்தம் இல்ல” என்றார். அம்மா அம்மாதான்.

நேற்றிலிருந்து ஒவ்வொரு வேளையும் ஒரு ஆள் சாப்பாடு மிஞ்சுகிறது.

இன்னொன்று. சடகோபன் எழுதிய நாற்பத்தோரு கடிதங்களின் நகலையும் மாமி கொடுத்தார். அவற்றை வைத்து ஒரு கட்டுரை எழுதினேன். சார் இரண்டு சொல்லை மட்டும் வெட்டினார். பத்தாம் தேதி வந்தது, எல்லாப் பதிப்பிலும். மு. அஃபீஃபா என்று பெயர் போட்டு. அத்தாவின் இனிஷியலோடு. நீ எப்படியும் நாலாக மடித்துப் படித்திருப்பாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றிருப்பாய்.

இந்தக் கடிதத்தை ஜைத் அண்ணன் கடையில் கொடுக்கவில்லை. மாமியிடம் கொடுக்கிறேன். மாலை ஐந்து மணிக்கு உன் கையில் இருக்கும்.

எனக்கு ஆறு பதிலும் வேண்டாம். ஒன்று போதும். எங்கே?

அஃபீஃபா

*

ஸ்ரீரங்கம்
18 நவம்பர் 2024

அன்புத் தங்கை அஃபீஃபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ கேட்ட கேள்விக்குப் பதிலைத் தலைமாட்டில் எழுதிவிட்டேன். இரண்டு மாதமாக அந்த இடத்தில் பொய் எழுதும்போதெல்லாம் உன் சவரிநாதன் சார் என் முதுகுக்குப் பின்னால் நின்றார். இன்றைக்குத்தான் போனார்.

உன்னிடம் பொய் சொன்னதற்கு வெட்கப்படுகிறேன். உனக்காகத்தான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. வெறுங்கையோடு நம் தெருவில் நடந்து வரப் பயந்தேன், அதுதான் மீதிப் பாதி. தினம் மாலை அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றபடி ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பார்ப்பேன். ஏறினால் அரை மணி. ஏற மாட்டேன். மாமி நேற்று உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, “இத்தனை நாளா இந்தப் பிள்ளை ஏன் உக்கார மாட்டேங்கறான்னு இப்பத்தான் புரியறது. உக்காரு” என்றார். உட்கார்ந்தேன். உட்கார்ந்துதான் படித்தேன். அந்த ஒரு ஆழாக்கு அரிசியில் என்னால் மேலே படிக்க முடியவில்லை, மாமிதான் மீதியை வாசித்தார்.

உன் பெயர் போட்ட தாள் என்னிடம் மூன்று இருக்கிறது. ஒன்று மடித்தது, இரண்டு மடிக்காதது.

டிசம்பர் என்ன ஆகுமோ தெரியாது. ஆனால் ஒரு நகரப் பதிப்பை வைத்து அண்ணனைக் கண்டுபிடித்தவளை அனுப்பிவிட்டு அந்த ஆபீஸ் என்ன செய்யப் போகிறது?

இந்தக் கடிதத்தையும் பழைய வழக்கப்படி ஊருக்கு வருகிற ஆள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். வந்தவருக்கு ஒரு டீ கொடு. அம்மா அவரிடம் மூன்று தடவை கேட்பார். கேட்கட்டும், இந்த ஆள் பொய் சொல்ல மாட்டான்: இளைத்துத்தான் போயிருக்கிறேன்.

படித்து முடித்துவிட்டாயா? நிமிர்ந்து பார்.

அனீஸ்